எல்லை பார்க்கப் போன பெரிய கிராணி

எங்கள் பெரிய கிராணியைப்போல் தோட்டத்து எல்லையை நேசித்த மனிதர் ஜொகூர் ராஜ்யம் முழுவதிலும் வேறொருவர் இருந்ததில்லை. காலையில் ஆபீசைத் திறந்ததும் எல்லையைப் பார்த்துவிட்டு வருவார். அரைமணி கழித்து, எல்லை அங்கேயே இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருவார். பத்து மணிக் காப்பிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் இரண்டு தடவை. மழை பெய்தால் குடையோடு போவார். இப்படி மூன்று வருஷம்.

நான் அப்போது குளுவாங்கிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவன். ஜனங்கள் என்னை முக்கால் டாக்டர் என்று நினைத்தார்கள். பெரிய டாக்டர்கள் கால் டாக்டர் என்று நினைத்தார்கள். முப்பதுகளின் தொடக்கம் அது. பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசின் தலைமை குமாஸ்தா. துரைக்கு அடுத்த இடம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி, பூட்ஸ். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. லயத்து, அதாவது கூலி வரிசை வீடுகளின், ஜனங்களுக்கு அவர் எல்லைக் கிராணி.

துரைக்கு அவர்மேல் அளவில்லாத மரியாதை. பக்கத்துத் தோட்டத்துக்காரன் நம் பக்கம் அரையடி நகர முடியாது, என் கிராணி பார்த்துக்கொள்வார் என்று கிளப்பில் மற்ற துரைகளிடம் சொல்லிப் பெருமைப்படுவாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் நகர நினைத்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ரப்பர்ப் பால் வெட்டும் பெண்களுக்கு வேறொரு கருத்து இருந்தது. பெரிய கிராணி எல்லைக்குப் போனால் ஒரு குறிப்பிட்ட மரத்தின் முன்னால் பத்து நிமிஷம், கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறார், கண்ணை மூடியிருக்கிறார், உதடு அசைகிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மரத்தோடு பேசுகிறார் என்று முடிவாயிற்று. கொஞ்ச நாளில் அந்த மரத்துக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒரு டிரசர் என்ற முறையில் நான் அதைக் கண்டித்திருக்க வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்லிக் கண்டிப்பது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

டவுனுக்கு லாரியில் போனால் ஏழு மைலில் ஐந்து இடத்தில் நிறுத்தச் சொல்வார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பாலம் இருக்கும். "பாலம் லாரியைத் தாங்குமான்னு பாத்துட்டு வர்றேன்" என்று கீழே இறங்குவார். அதே பாலத்தில் அன்று காலைதான் அதே லாரி வந்திருக்கும். டிரைவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வான்.

இதெல்லாம் எனக்கு ஏன் முதலிலேயே புரியவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் பிற்பாடு என்னைக் கேட்டுக்கொண்டேன். புரியவைத்தது அவருடைய மனைவி.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, கூட்டம் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள்.

"டிரசர் ஐயா, எங்க வீட்டுக்காரரு எல்லை பாக்கப் போறாரே, தெரியுமில்ல?"

"தெரியுங்கம்மா."

"எல்லையில ஒண்ணும் இல்லைங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ராத்திரி ஆறு தடவை எந்திரிக்கிறாரு. நின்னுக்கிட்டே இருக்காரு. சொட்டுச் சொட்டாத்தான் வருதாம். வந்து படுத்தா, இன்னும் இருக்கிறாப்புல இருக்குங்கிறாரு. திரும்பி எந்திரிக்கிறாரு. நான் உங்ககிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா என்கூடப் பேசவே மாட்டாரு. ஏதாச்சும் செய்யுங்க."

மறுநாள் ஆபீசுக்குப் போய், சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். ஐம்பது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி பெருத்துப்போவது உண்டு, அது மூத்திரப்பை வாயிலேயே இருக்கிறது, பெருத்தால் வழியை நெருக்கும், இது நரை மாதிரிதான், ஒரு தப்பும் செய்ய வேண்டியதில்லை, தானாக வரும் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாருக்கு?"

"பொதுவா சொல்றேங்க."

"பொதுவா நல்ல விஷயம்தான். நோட்டீசு போர்டுல போடுங்க" என்று எழுந்து எல்லையைப் பார்க்கப் போனார்.

அவர் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு ஆணுக்கு மூத்திரம் போவதில் கஷ்டம் என்றால் ஜனங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அது சிங்கப்பூரில் சில தெருக்களில் விற்கப்பட்டது. முப்பது வருஷம் வெள்ளைக் கோட்டு போட்ட மனிதர் அந்தச் சந்தேகத்துக்கு ஆளாவதைவிட மரத்தோடு பேசுகிறவர் என்று பெயர் எடுப்பதே மேல் என்று நினைத்தார். யோசித்துப் பார்த்தால் சரியான முடிவுதான்.

இந்த நிலையில், பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் புது ஸ்டோர் ஒன்றைத் திறந்துவைக்க லண்டனிலிருந்து கம்பெனி டைரக்டர் வந்து சேர்ந்தார். விழா மத்தியானம் இரண்டு மணிக்கு. டைரக்டர் பேசுவார், பெரிய கிராணி பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். மேடைக்குப் போகுமுன் டைரக்டர் தம் கையாலேயே ஒரு ஸ்டெங்கா, அதாவது விஸ்கியும் சோடாவும், கலந்து அவரிடம் நீட்டினார். மறுக்க முடியாது. அதன்மேல் இரண்டு கோப்பை டீ. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை, ஈரக் காற்று.

டைரக்டர் பேசத் தெரிந்தவர். நிறுத்தத் தெரியாதவர். கம்பெனியின் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். முதல் கால் மணிக்குப் பெரிய கிராணியின் மொழிபெயர்ப்பு அழகாக இருந்தது. டைரக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் இரண்டு சொல்லுவார், உவமைகூடச் சேர்த்தார். அரைமணிக்குப் பிறகு ஒன்றுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது, டைரக்டர் ரப்பர் விலை ஏன் விழுந்தது என்று பத்து நிமிஷம் விளக்கினார். பெரிய கிராணி ஜனங்களைப் பார்த்துச் சொன்னார்:

"விலை விழுந்துருச்சு."

டைரக்டர் தொழிலாளர்களின் உழைப்பையும், கப்பல் ஏறி வந்த அவர்களுடைய துணிவையும் பற்றி உருக்கமாகப் பேசினார்.

"நல்லா வேலை செய்றீங்களாம்."

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பெரிய கிராணியின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். டைரக்டர் இரண்டு கையையும் விரித்து, எதிர்காலத்தைப் பற்றி ஒரு நீண்ட பாராவை முடித்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"அவ்வளவுதான்" என்றார் பெரிய கிராணி.

ஜனங்கள் ஒரேயடியாகக் கைதட்டினார்கள். தமிழ் எவ்வளவு சுருக்கமான பாஷை என்று டைரக்டர் துரையிடம் வியந்தார். ஆனால் விழா முடியவில்லை. மாலை, போட்டோ, மறுபடி டீ. மேடையை விட்டு அவர் இறங்கும்போது மணி ஐந்தரை. நேரே எல்லைக்குப் போனார்.

ஆறரைக்கு அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

"வரவே மாட்டேங்குதாம். ஒரு சொட்டுக்கூட."

நான் பையை எடுத்துக்கொண்டு போனபோது, முன்னறையில் நாற்காலியின் விளிம்பில் நேராக உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. முகம் சாம்பல் நிறம். தொப்புளுக்குக் கீழே வயிறு கல்லாக மேடிட்டிருந்தது.

"டிரசர், அந்த நோட்டீசை இப்பப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

மூத்திரம் இறக்குகிற குழாயைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். கைகழுவினேன். அவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னது?"

"ரப்பர் குழாய்ங்க."

"நம்ம ரப்பரா?"

"சீமையில செஞ்சது. பாலு எங்கேருந்து போச்சோ தெரியாது."

"முப்பது வருஷமா அனுப்பியிருக்கேன்" என்றார். "நம்மதா இருந்தாலும் இருக்கும். போடுங்க."

நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வடியவிட்டேன். இரண்டு பெரிய போத்தல் நிரம்பி மூன்றாவதில் பாதி. அவருடைய முகத்தில் நிறம் திரும்பியது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"டிரசர், கதவைச் சாத்திட்டு வெளியே இருங்க. நான் கொஞ்சம் சிரிக்கணும்."

கதவைச் சாத்தினேன். உள்ளே சிரித்தார். நடுவில் அது வேறு சத்தமாக மாறியது. அவர் மனைவியும் நானும் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை ரயிலில் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாயை உள்ளேயே விட்டு, அதன் முனையை ஒரு போத்தலில் இறக்கி, போத்தலைத் துணிப்பையில் வைத்து, பையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் பையைப் பார்த்து என்ன என்றார். பெரிய கிராணி அவரை நேராகப் பார்த்து, "ஒபாட்" என்றார். மலாயில் மருந்து. "எனக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது" என்று எனக்காகத் தமிழில் சேர்த்துக்கொண்டார்.

ஜொகூர் பாருவில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, விரலை விட்டுச் சோதிக்க வேண்டும் என்றார். பெரிய கிராணி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பரிசோதனை முடிந்ததும் டாக்டர் மேஜைமேல் இருந்த ஒரு எலுமிச்சம்பழத்தைத் தொட்டு, இதைவிடக் கொஞ்சம் பெரியது என்றார். புற்று மாதிரித் தெரியவில்லை. ஆனால் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதை ஒரே தடவையில் எடுக்க மாட்டார்கள். முதலில் அடிவயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, சில வாரம் உடம்பைத் தேற்றி, அப்புறம் இரண்டாவது தடவை திறந்து சுரப்பியை எடுப்பார்கள். இந்த வயதில் சில பேர் மேஜையிலிருந்து எழுந்திருப்பதில்லை என்பதையும் டாக்டர் ஒளிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரிய கிராணி என்னிடம் சொன்னார்: "மூணு வருஷத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட வாயைத் திறந்திருந்தா, சுலபமா முடிஞ்சிருக்கும் இல்லே?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்."

"கௌரவம் பாத்தேன்" என்றார். "இப்பப் பாருங்க, வார்டுல பதினெட்டுப் பேரு எதிர்ல வேட்டி இல்லாமக் கெடக்கேன்."

இரண்டு மாதம் கழித்து உயிரோடு திரும்பி வந்தார். வந்தவர் வேறு மனிதர்.

ஐம்பது தாண்டிய ஆண் எவனைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எத்தனை தடவை போறீங்க?" கோயிலில் கேட்டார். கல்யாணப் பந்தியில் கேட்டார். குளுவாங் மார்க்கெட்டில் மீன் விற்ற சீனக் கிழவரை மலாயில் கேட்டு, அவர் மீன் எத்தனை என்று நினைத்து மூன்று விரலைக் காட்ட, "ராத்திரியா பகலா?" என்று மேலும் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவர் வாயில் மனப்பாடம். சாயங்காலத்துக்கு மேல் காப்பி, கள், தண்ணீரைக் குறை. வந்தால் அடக்காதே. போய்விட்டு வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி ஒருமுறை போ. சளி மருந்தைக் கடையில் வாங்கிக் குடிக்காதே, அது வழியை இறுக்கும். ரத்தம் கண்டாலோ அடியோடு நின்றுபோனாலோ டிரசரைக் கூப்பிடு. ஆண்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பாதிப்பேருக்கு அங்கே வேறு வேலையும் இருந்தது என்பதை அவர் கவனித்துவிட்டார்.

அப்படித்தான் பெரிய கங்காணி அகப்பட்டார். முன்னூறு ஆட்களை மேய்க்கிறவர், முறுக்கு மீசை. கோயில் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்ற தகராறில், அவரும் பெரிய கிராணியும் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, கங்காணி நடுவில் இரண்டு தடவை காணாமல் போவதைப் பெரிய கிராணி ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் நேரே அவர் எதிரில் போய் நின்றார்.

"கங்காணியாரே, எத்தனை தடவை?"

"என்ன எத்தனை தடவை?"

"எல்லாரும் கேக்கட்டுமா, தனியா வர்றீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க வேலையப் பாருங்க. எனக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாது."

பெரிய கிராணி கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டையைத் தூக்கி, வேட்டியைக் கொஞ்சம் இறக்கினார். முன்னூறு பேர் முன்னால், தொப்புளுக்குக் கீழே செங்குத்தாக ஓடிய தழும்பைக் காட்டினார்.

"எனக்கும் கிடையாது" என்றார். "இது வயசுக்கு வர்றது. பழக்கத்துக்கு இல்ல."

கங்காணியின் மீசை ஆடியது. அன்றே அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்; பெரிய கிராணி கதவுக்கு வெளியே காவல் நின்றார். கங்காணிக்கு ஆரம்பம்தான். கத்தி வேண்டியிருக்கவில்லை. ராத்திரிக் கள்ளை விட்டதும், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்ததுமே நான்கு தடவை இரண்டாயிற்று. அந்த வருஷத் திருவிழாவில் முதல் மாலையை ஆளுக்கு ஆள் மற்றவர் கழுத்தில் போட முயன்றதில் மாலை அறுந்தது.

அடுத்த வருஷம் எனக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்தது. பெரிய கிராணி குளுவாங் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். ரயில் தாமதம். பேச நிறைய இருந்தது. இரண்டு பேரும் மழை வருமா என்பதைப் பற்றியே பேசினோம். ஒரு மணி நேரம் ஆனதும் அவர் எழுந்தார்.

"டிரசர், ஒரு நிமிஷம். அடக்கக்கூடாது."

"போயிட்டு வாங்க."

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் அவர் மறைந்த உடனே ரயில் வந்தது. குளுவாங்கில் அது அதிக நேரம் நிற்காது. ஏறினேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். பார்த்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

வயிறு கிழித்துத் தைத்த உடம்பு. அறுபதை எட்டுகிற வயது. பூட்ஸ் தடதடக்க, என் ஜன்னலுக்கு நேராகப் பிளாட்பாரத்தில் ஓடி வந்தார்.

"ஓடாதீங்க" என்று கத்தினேன். சொன்னதைக் கேட்டு நின்றுவிடப் போகிறாரே என்று பயமாகவும் இருந்தது.