கூரைக்காரர் வரும்வரை சிங்கம்

வீட்டுச் சிங்கம் என்றொரு இனம் உண்டு. காட்டில் தேட வேண்டாம். புதுக் கூரை போட்டு, முதல் மழையிலேயே அது ஒழுகத் தொடங்கிய எந்த வீட்டிலும் பார்க்கலாம். கையில் வாளியோடு, அண்ணாந்தபடி உறுமிக்கொண்டிருக்கும்.

நம்முடைய சிங்கம் காலை ஆறு மணிக்கே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டது. மூன்று இடத்தில் ஒழுக்கு. அதில் ஒன்று மனைவியின் தையல் மெஷினுக்கு நேர் மேலே. அடுத்தவர் துணி நனைந்தால் யார் பதில் சொல்வது?

"ஷீட்டைக் கழட்டி மறுபடி போடச் சொல்லுங்க. பூசி மெழுகிட்டுப் போனா விடாதீங்க" என்றாள் அவள்.

"விடுறதாவது! இன்னிக்கு அந்த ஆளை என்ன பண்றேன் பாரு!"

பல் துலக்கும்போது நுரையோடு ஒரு முறை, சட்டைப் பொத்தானைப் போடும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு முறை, செருப்பைத் தேடும்போது செருப்பையும் சேர்த்து ஒரு முறை என்று, கூரைக்காரரைக் கிழிகிழியென்று கிழித்தார்.

கூரைக்காரர் வந்தார்.

"வாங்க வாங்க! டீ சாப்பிடுறீங்களா?"

கேட்டது சிங்கம்தான்.

டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கூரைக்காரர் அண்ணாந்து பார்த்தார். "மழை சாய்ஞ்சு அடிக்குது சார். நேரா பெஞ்சா ஒரு சொட்டு இறங்காது."

"அதானே! மழையும் இப்பல்லாம் முன்ன மாதிரியா இருக்கு?"

மழை மேலா பழி? மேல் ஷீட்டின் விளிம்பு கீழ் ஷீட்டின்மேல் படிந்திருக்க வேண்டும். இந்த மனிதர் உச்சியில் ஆரம்பித்து, ஒவ்வொரு மேல் ஷீட்டின் மீதும் கீழ் ஷீட்டை ஏற்றி வைத்துக்கொண்டே இறங்கியிருந்தார். வழிந்து வரும் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் வேறு எங்கே போகும்? இதைச் சிங்கம் கூரை போட்ட அன்றே வாசலில் நின்று பார்த்தது. 'தலைகீழா இருக்கே' என்று தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார் கூரைக்காரர்.

"பிரமாதம்!"

சொன்ன வாயால் இன்று எப்படித் திட்டுவது?

இணைப்புகளில் கறுப்பாக எதையோ பூசிவிட்டுக் கூரைக்காரர் இறங்கினார். "தெரிஞ்சவங்க யாராச்சும் கூரை போடுறதா இருந்தா சொல்லுங்க சார்." வெறுமனே அனுப்பினால் மனுஷன் மனசு நோகாதா? மைத்துனரின் நம்பரைக் கொடுத்தது சிங்கம்.

"எங்க அண்ணன் நம்பரா?" ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது குரல்.

"இன்னொரு வாட்டி வரட்டும், அந்த ஆளை..."

பிற்பகலில் மழை வந்தது. சாய்ந்து அல்ல, தூக்குக்குண்டு கட்டிவிட்ட மாதிரி நேராக. மூன்று ஒழுக்கு ஐந்தாயிற்று.  நனையாத ஒரே மூலையில் கிடந்த அவருடைய கட்டிலை அவள் இழுத்து ஒழுக்குக்கு அடியில் போட்டாள். அந்த மூலையில் மெஷினை வைத்தாள்.

"படுங்க. பிரமாதமா இருக்கும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன முறை முடிவெட்டிக்கொண்டபோது, பின்னந்தலைக்குக் கண்ணாடி பிடித்து "சரியா இருக்கா சார்?" என்று கேட்டாரே, ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி ஏறியிருந்ததை நீங்களும் பார்த்தீர்களே, அப்போது என்ன சொன்னீர்கள்?