மரியபுஷ்பம் சாட்சி சொன்ன பலாப்பழக் கேஸ்

கட்டிய மனைவியையே சாட்சிக் கூண்டில் ஏற்றப் போகிறார்களாம்! சம்மன் வந்த அன்றைக்குக் கிறிஸ்துதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பர்மனென்ட் ஆள் அவர். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சிங்காரவேலுவின் தோட்டத்தில் நாலு பலாப்பழம் காணாமல் போனதற்கு அவர்மேல் திருட்டுக் கேஸ். கேட்டால், அவர் வீட்டு அரிவாளில் பலாப்பால் ஒட்டியிருந்ததாம். நிரூபணமானால் வேலையே போய்விடும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

பறித்தது அவர்தான். அது வேறு விஷயம். அந்த மரத்தின் வேர் மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து அவர் வீட்டுத் தண்ணீரைத்தானே குடிக்கிறது? அப்புறம் எப்படி அது திருட்டாகும் என்பது அவர் கட்சி. மரியபுஷ்பம் தாய்வீடு போயிருந்த ஒரு மத்தியானம் பறித்து, ஷிப்ட் கூட்டாளிகளோடு தின்று தீர்த்துவிட்டார். மனைவியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

வக்கீல் திலகவதிதான் அவர் வயிற்றில் பாலை வார்த்தார்.

"உங்க மனைவியைச் சாட்சியாக் கூப்பிடலாம் சார். ஆனா நீங்க அவங்ககிட்ட சொன்னதை, உங்க சம்மதம் இல்லாம அவங்க கோர்ட்ல சொல்ல முடியாது. சட்டமே இருக்கு."

"நான் என்ன சொல்லியிருந்தாலுமா?"

"ஆமா. ஆனா அதுல ஒரு விதிவிலக்கு..."

"செகண்ட் ஷிப்ட் பஸ் போயிடும்மா, வரேன்!"

விதிவிலக்கை வக்கீலிடமே விட்டுவிட்டு ஓடினார். மறுநாள் காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

"புஷ்பம், பழத்தைப் பறிச்சது நான்தான்டி."

கரண்டி நின்றது. "நாலுமா?"

"நாலுந்தான். ஒவ்வொரு சுளையும் தேனு!"

"பைபிள் மேல கைய வச்சி இல்லன்னு சொன்னீங்களே?"

"அது அப்போ. இப்போ சட்டம் என் பக்கம். கோர்ட்ல சொல்லித்தான் பாரேன், வாயைத் திறக்க வுட மாட்டாங்க!"

மரியபுஷ்பம் அடுப்புப் பக்கம் திரும்பினாள். ரசத்துக்குத் தாளித்தாள். பொண்டாட்டி கோபப்படாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்குத் தெரியாமல் போனது. அதே சட்டத்தை அவள் கடைசி வரி வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் கூண்டேறினாள்.

"உங்க கணவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"ஆட்சேபிக்கிறேன். இது கணவன் மனைவிக்குள்ள பேசினது," என்று திலகவதி எழுந்தார். கிறிஸ்துதாஸ் கால்மேல் கால் போடாத குறைதான்.

மரியபுஷ்பம் நீதிபதியைப் பார்த்தாள். "ஒரு சந்தேகங்க ஐயா. புருஷன் அந்தப் பொண்டாட்டிக்கே குத்தம் செஞ்சிருந்தா?"

"அப்போ சொல்லலாம்மா. அதுதான் விதிவிலக்கு."

"அப்ப சொல்றேங்க. அந்தப் பழம் என்னுதுங்க. பிஞ்சிலயே பேசி அந்த மரத்துக் காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்துகினேன். அதுக்கு ஈடா சிங்காரவேலு அண்ணன் சம்சாரத்துக்கு வருஷம் பூரா ஜாக்கெட் தச்சிக் குடுத்தேங்க. பழம் காணோம்னதும் புகார் குடுக்கச் சொன்னதே நான்தான்."

"ஆமாங்க ஐயா," என்றார் சிங்காரவேலு. மரம் யார் வீட்டில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போன போலீஸ், பழம் யாருடையது என்று கேட்கவே இல்லை!

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" கிறிஸ்துதாஸ் குற்றவாளிக் கூண்டிலிருந்தே கத்தினார்.

"சொன்னா பழுக்க வுடுவீங்களா?"

அப்புறம் அடுப்படியில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள், அந்தத் தேன் உள்பட. திலகவதி உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி பேனாவை மூடினார். "இது சமாதானமாப் போகக்கூடிய கேஸ். பழத்துக்குச் சொந்தக்காரங்க மன்னிச்சா இப்பவே முடிச்சிடலாம். அவர் வேலைக்கும் ஆபத்தில்லை."

போன உயிர் திரும்பி வந்தது கிறிஸ்துதாஸுக்கு. சொந்தப் பொண்டாட்டியைப் பார்த்துக் கைகூப்பி நிற்க வைத்துவிட்டார்களே என்று மனசு கொதித்தாலும், கை தானாகக் குவிந்தது.

"என்னம்மா, மன்னிக்கிறீங்களா?"

மரியபுஷ்பம் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோசிக்கணுங்க ஐயா. ஒரு வாய்தா போடுங்க."