மண்டோர் எழுப்பிய முக்கோணக் கோட்டை

செம்பனைப் பெருவனம் சூழ் ரெம்பாவ் நாட்டின் திலகமே, முப்பத்திரண்டு ஆண்டுகள் மண்டோர் என்னும் தோட்டக் கங்காணியாய்க் கோலோச்சியும் மண்வெட்டி தொட்டறியா மலர்க்கரத்தோனே, பதவி ஓய்ந்தும் நாவோயாத நல்லோனே, அமிர்தலிங்கப் பெருமானே, வாழி நீ! உன் புறக்கடைப் போரைப் பாட வந்தேன். சிரிக்காமல் பாடி முடிக்கும் வலிமையை எந்தத் தெய்வமாவது எனக்கு அருளட்டும்.

போருக்குக் காரணம் ஒரு செஞ்சேவல். மகன் யோகேந்திரன் டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தருவதாக உன் மனைவி மயிலம்மாள் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது அது. மகன் பிழைத்தான். பூசைக்கு ஒன்பது நாள் இருக்கையில், மூசாங் என்னும் மரநாய் புறக்கடையில் புகுந்து இரண்டு பெட்டைகளைத் தூக்கிப் போய்விட்டது.

"சாமி சொத்துங்க. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கோயிலுக்குப் போவேன்?" என்று மயிலம்மாள் கணவனிடம் அழுதாள். அந்த அழுகை மட்டும் வேடிக்கையன்று.

எழுந்தனன் வீரன், சேவலுக்குக் கூண்டு கட்ட! சுத்தியல் வலக்கையில் மின்ன, கம்பிவலை இடத்தோளில் புரள, சேவல் உறங்கப் பழைய டிவி அலமாரியும் கூரை வேயத் துருத்தகரமும் பின்னே இழுபட, புறக்கடை புகுந்து முளையடித்துக் கயிறு பிடித்தனன். அந்தோ! அவன் ஆயுளில் கயிறு பிடிக்கச் சொன்னதெல்லாம் செம்பனைக் கன்று நடுவதற்கே. கன்றுகளோ முக்கோணம் முக்கோணமாய் நடப்படுபவை. புத்தி பழகிய வழியே போயிற்று. மூன்றே கால்களை ஊன்றிவிட்டு, மலையைப் பெயர்த்து வைத்தவன்போல் இடுப்பில் கைவைத்து நின்றான்.

வேலிக்கப்பால் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மைக்கல்ராஜ் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, நாலு காலு நடணும் லா," என்றான்.

வெகுண்டு முழங்கினன் வேந்தன்: "முப்பதாயிரம் கன்னு நட வச்சவன்டா நான்! எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா? பொழுது சாயறதுக்குள்ள கோட்டை நிக்கும். மூசாங் இல்ல, அதோட பாட்டன் வந்தாலும் உள்ள நுழைய முடியாது லா!"

கோட்டை நின்றது. ஆனால் நாற்கோணத் தகரம் முக்கோணத்தின்மேல் எங்ஙனம் பொருந்தும்? ஒரு பக்கம் தகரம் துருத்தியது; மறுபக்கம் வானம் தெரிந்தது. வளைத்தான், மிதித்தான், ஆணி அறைந்தான். ஆணிக்கு விழுந்ததைவிடக் கட்டைவிரலுக்கு விழுந்த அடியே அதிகம். அடச்சீ, இவனிடமா எண்பது பேர் வேலை பார்த்தார்கள்!

"அந்த ஓட்டை என்னங்க?" என்றாள் மயிலம்மாள்.

"அது காத்துக்கு வுட்ட வழி!" என்று பிரகடனம் செய்து, அண்டை அயலார் கண்டு நிற்க, செஞ்சேவலை உள்ளே விட்டு வாயிலடைத்தான் வள்ளல்.

சேவல் கழுத்தைச் சாய்த்து ஒருமுறை மேலே பார்த்தது. டிவி அலமாரிமேல் ஏறியது. காற்றுக்கு விட்ட வழியே வெளியே பாய்ந்தது. கோட்டை கண்ட கோமானின் வழுக்கைத் தலையை ஒரு கணம் மிதித்து, மைக்கல்ராஜின் மோட்டார் இருக்கையில் இறங்கி, நாடறியக் கூவியது. மயிலம்மாள் அதைப் பிடித்துப் போய்க் குளியலறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

பூசை முடியும்வரை அமிர்தலிங்கம் மைக்கல்ராஜ் வீட்டில்தான் குளித்தார்.