தாய்மாமன் மடியும் அரை மாத்திரையும்

தூங்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர், ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் கட்டின் மேல் தலைவைத்துத் தூங்குகிற தமிழய்யா என்று ஒருவரையும் விடாமல் வயிறெரிந்திருக்கிறேன். (என் மனைவி குறட்டை விட்டபோது ஒருமுறை மூக்கைப் பிடித்தும் இருக்கிறேன். அவளுக்கு இது இன்றுவரை தெரியாது. இனித் தெரியும்.)

என் வயிற்றெரிச்சலில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவன் என் தம்பி சேகர். கடலூர் முதுநகரில் ஐஸ் பிளான்ட்டில் வேலை. அங்கே ஐஸ் உடைக்கிற மெஷின் போடும் சத்தத்தில் தெரு நாய்கூடப் படுக்காது. இவன் அதற்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பான். நானோ மஞ்சக்குப்பத்து வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்தி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டு, ஃபேனைப் பார்த்தபடி கிடப்பேன். ஒரே வயிற்றில் பிறந்தும் எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அம்மா இருந்தவரை அவளிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த அம்மா தவறிய சமயத்தில்தான் டாக்டர் பத்து நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் இரண்டு வருடம் ஆனது. ஒருவழியாக அவரிடமே போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு தாளில் கட்டம் போட்டு, சில வாரம் முக்கால், சில வாரம் அரை, பிறகு கால் என்று எழுதித் தந்தார்.

"சார், இதுல அவசரம் மட்டும் கூடாது. திடீர்னு நிறுத்துனீங்கன்னா இருக்கிற தூக்கமும் ஓடிடும்" என்றார்.

நானும் நல்ல பிள்ளையாக அரை மாத்திரை வரை வந்துவிட்டேன். அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து தங்கை வசந்தி போன் செய்தாள். அவள் மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இரண்டு மாமன்களில் மூத்தவன் நான். புது வேட்டிகூட எடுத்தாகிவிட்டது.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லு."

"நீ மாத்திரை போடறவன். கத்தி வெக்கிற எடத்துல மடியில புள்ளைய வெச்சிக்கிட்டுத் தூங்கி வழிஞ்சிட்டன்னா என்னா பண்றது? சேகரு மடியிலயே உக்கார வெச்சிடட்டுமா?"

சேகர் மடியிலா! தூக்கத்தை மொத்தமாக வாரிக்கொண்டவன் என் மடியையும் வாரிக்கொள்வதா?

"மாத்திரையா? அதெல்லாம் வுட்டு ஒரு மாசம் ஆவுது" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு உறுத்தியது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று முடிவுசெய்து, மீதியிருந்த அட்டையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். காதுகுத்துக்கு ஐந்து நாள் இருந்தது. (கணக்கு வாத்தியாருக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தும் புரியவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.)

முதல் இரண்டு நாள் கண்ணில் மணல் போட்டதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலில் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு என்று செருப்பு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நான்காம் நாள் கரும்பலகையில் ஏழும் எட்டும் பதினேழு என்று எழுத, வகுப்பே மரியாதையாக அதை நோட்டில் எழுதிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் கசகசா பால் குடிக்கச் சொன்னார், குடித்தேன். வடலூர் போய் உட்கார்ந்தால் மனசு அடங்கும் என்றார், போனேன். பக்கத்தில் கண்மூடி அமர்ந்திருந்த பெரியவரைப் பார்த்து என்ன தியானம் என்று வியந்துகொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து குறட்டை வந்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காதுகுத்தன்று காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் மனைவியும் சேகரும் ஏறினோம். வண்டி கிளம்புவதற்குள் சேகர் என் தோளில் சாய்ந்துவிட்டான். சிதம்பரம் வரை அவன் தூக்கத்தைச் சுமந்துகொண்டு போனேன். இறங்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அதுக்குள்ள வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டான் பாருங்கள், அங்கேயே அவனைத் தள்ளிவிட்டிருப்பேன்.

மண்டபத்தில் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை வயது யாழினி மொட்டைக்குக் கத்திய கத்தலில் எனக்குத் தூக்கம் எங்கே வரும்? உதைத்தாள், கடித்தாள், புது வேட்டியை நனைத்தாள். உடும்பாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே சேகரை ஒரு பார்வை பார்த்தேன்.

மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசினார்கள். பிள்ளை அடங்கி என் நெஞ்சில் சாய்ந்தாள். மேலே ஃபேன் சுற்றியது, சந்தனம் மணத்தது, ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்தார், மேளம் தொடங்கியது. அந்த மேளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் போவதுபோல் இருந்தது.

கண் விழித்தபோது மணமகள் அறையில் பாயில் கிடந்தேன். மணி நான்கு. பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"காது?" என்று அலறினேன்.

"குத்தியாச்சி" என்றாள் மனைவி.

"யாரு மடியில?"

"உங்க மடியிலதான். பேசாம சாப்ட வாங்க."

நம்பவில்லை. சேகர் மடிதான், என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தேன். பிறகு வசந்தி வீடியோவை அனுப்பினாள்.

என் தாடை நெஞ்சில் விழுகிறது. ஆசாரி தோளைத் தட்டுகிறார், நான் அசையவில்லை. "நல்ல நேரம் போவுது, சின்ன மாமன் மடிக்கு மாத்துங்கம்மா" என்று வசந்தியின் மாமியார் சத்தம் போடுகிறார். வசந்தி குழந்தையைத் தூக்கக் குனிகிறாள். அப்போது சேகரின் குரல் கேட்கிறது.

"வேணாம்க்கா. அண்ணன் மடியிலதான் குத்தணும். இதுக்காவ அஞ்சு நாளா மாத்திரையும் போடாம தூக்கமும் இல்லாம கெடந்திருக்காரு, அண்ணி சொன்னாங்க. மடி போச்சின்னா அழுதுடுவாரு."

அவன் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, என்னைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். என் அக்குள் வழியாகத் தன் இரண்டு கைகளையும் நீட்டி, என் மடியிலேயே யாழினியைப் பிடித்துக்கொண்டான். என் தலை அவன் தோளில், வாய் ஆவென்று திறந்திருக்கிறது. மண்டபமே சிரிக்கிறது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஊசி இறங்கிப் பிள்ளை வீறிட்டபோது, "ஆயிடுச்சி, ஆயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பார்த்துவிட்டு அழுதேன். வெட்கமாகவும் இருந்தது. நல்லவனாக இருப்பதிலும் இவனே முந்திக்கொண்டானே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. மறுநாள் டாக்டரிடம் போய்த் திட்டு வாங்கி, மறுபடி அரையிலிருந்து தொடங்கினேன். முழுதாக விட எட்டு மாதம் பிடித்தது. இப்போது சுமாராகத் தூங்குகிறேன்.

ஆனால் குடும்பத்தில் எனக்குப் பெயர் 'நாலு கை மாமா'. அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த யாழினி இப்போது முதல் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது எனக்கு நான்கு கை போட்டிருக்கிறாள். டீச்சர் திருத்தப் போனதற்கு, "எங்க பெரிய மாமாக்கு நாலு கைதான் மிஸ்" என்று சண்டை பிடித்தாளாம்.

படத்தை நானும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கைகளில் வாட்ச் இல்லை, மூன்றாவதில் இருந்தது. நான் வாட்ச் கட்டுவதில்லை, சேகர்தான் கட்டுவான். அந்தக் கையைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏம்மா, பெரிய மாமா கையப் புடிச்சிக்கக் கூடாதா?" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

"நீங்கதான் தூங்குறீங்களே மாமா" என்றாள்.