வெள்ளிக்கிழமை அரை மணி

"ஜும்மாவே ஒன்றரைக்குத்தான் சார். எப்டி போறது?" என்று யாசிர் எழுந்து கேட்டபோதுதான், தலைமையாசிரியர் மதியழகனுக்குத் தன் மதச்சார்பின்மையில் ஒரு சின்ன ஓட்டை இருப்பது தெரிந்தது.

மாணவர் உரிமை பற்றிய சுற்றறிக்கையைக் காலைக் கூட்டத்தில் கர்ஜித்தவர் அவர்தான். யாருடைய மதத்தையும் கேட்கக் கூடாது. யாருடைய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது. யாருக்கும் சலுகை கூடாது. இதில் மூன்றாவது விதி சுற்றறிக்கையில் இல்லை, அவராகச் சேர்த்தது. பேரணாம்பட்டில் இதே பள்ளியில் அவர் படித்த நாளில் அப்போதைய தலைமையாசிரியர் தேவசகாயம் கொண்டுவந்த வழக்கம், வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை இரண்டரை வரை. அதை அதே வேகத்தில் ஒன்றரைக்கே வெட்டியிருந்தார்.

"சரி, தொழுகைக்குப் போறவங்க மட்டும் போலாம். கை தூக்குங்க."

நாற்பத்தோரு கைகளும் உயர்ந்தன. விபூதி பூசிய ஹேமந்தின் கை எல்லாவற்றையும்விட உயரம்.

"ஜோசுவா, நீ இன்னாடா?"

"மதத்த கேக்கறீங்க சார்."

ஒன்றரைக்கு மணி அடித்தபோது வகுப்பில் கரும்பலகையும் அவரும்தான் மிச்சம். கையும் களவுமாகப் பிடிக்கப் பள்ளிவாசலுக்கு விரைந்தார்.

யாசிரும் மற்ற சிலரும் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஹேமந்தும் ஜோசுவாவும் மீதிப் பேரும் அவர்களுடைய ஷூக்களுக்குக் காவல். எல்லாம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அப்பா அம்மாக்கள் கொண்டுவந்த எக்ஸ்போர்ட் ரிஜெக்ட். கண் அசந்தால் போய்விடும். ஜோடிக்கொரு பெயர்ச் சீட்டு வேறு.

மதியழகன் மரத்தடிக்கு வந்து நின்றார். நாற்பது வருடங்களுக்கு முன், தோல் வாடையும் அத்தர் வாசமும் கலந்த இதே காற்றில், தோஸ்த் அப்துல் கரீமின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருப்பார். பிறகு தோளில் கைபோட்டுப் பள்ளிக்குத் திரும்பும்போது வெயில்கூடச் சுட்டதில்லை.

"நாங்களும் இப்டித்தான்டா. கண்ண இமைக்க மாட்டோம்" என்றார். "சரி, ரெண்டு மணி வரைக்கும் எல்லாருக்கும் உண்டு. ஆனா அதுக்கு மேல ஒரு அரை மணி எதுக்கு? எந்த ஃபைல்லயும் காரணம் இல்லியே."

தொழுகை முடிந்து வந்த அப்துல் கரீம், நரைத்த தாடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஃபைல்ல எப்டிடா எழுதுவாரு, மதி? நீ காவலுக்கு உக்காந்து தூங்கிடுவ. காணாமப் போன ஷூவ நாங்க தேடறதுக்குத்தான் தேவசகாயம் சார் அந்த அரை மணியக் குடுத்தாரு."