மொட்டை மாடிப் பூட்டுக்கு ஒரு சட்டத்தரணி

கோபத்தோடு சந்தைக்குப் போகிறவனுக்குச் சொத்தைக் கத்தரிக்காய்தான் கிடைக்கும். நான் கோபத்தோடு போய் ஒரு சட்டத்தரணியைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது.)

அப்போது நாங்கள் கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். கெலிஓயாவில் சின்னதாக ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. கட்டடத்தின் மொட்டை மாடி எல்லா வீட்டுக்காரருக்கும் பொது. துணி காயப்போட வேறு இடம் கிடையாது. ஒரு நாள் ஈரத்துணி வாளியோடு மேலே போன என் மனைவி சரோஜா, அதே வாளியோடு திரும்பி வந்தாள். மேல் வீட்டில் குடியிருந்த வியாபாரி, நாங்கள் முதலாளி என்று கூப்பிடுகிறவர், மொட்டை மாடிக் கதவில் ஆமைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அங்கே அவர் ஆர்க்கிட் வளர்க்கப் போகிறாராம்.

"எல்லாருக்கும் பொதுவான எடத்த நீங்க எப்படிங்க பூட்டலாம்?" என்று கேட்டேன்.

"நான்தானே மேல் வீட்டுக்காரன்? என் தலைக்கு மேல இருக்கிறதெல்லாம் எனக்குத்தான்," என்றார்.

அப்படியானால் ஆகாயமும் உனக்குத்தானா என்று கேட்டிருக்க வேண்டும். (நல்ல பதில் எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதுதான் வரும்.)

கண்டி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் கொடி கட்டினோம். சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. எங்கள் மகள் கவிதா அப்போது சின்னப் பிள்ளை, ஏற்கெனவே இழுப்புக்காரி. ஈரத்துணியை உள்ளே காயப்போடவே கூடாது என்றார் டொக்டர். எங்கே போடுவது? கீழே பிள்ளை மூச்சுக்குத் திணறினாள், மேலே ஆர்க்கிட் செழித்தது. அந்த மனிதரைப் படியில் உருட்டிவிட வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

தொடர்மாடி விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் என் பெயரில் முறைப்பாடு கொடுத்தோம். விசாரணைக்கு அழைத்தார்கள். வீட்டுக்காரர்கள் கூடி, சட்டத்தரணி பிடிக்கும் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள். (கூட்டத்தில் அதிகமாகக் கத்தியவன் நான்தான்.) பக்கத்து வீட்டு சிவபாலன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். காணி, வீடு விவகாரங்களில் பழுத்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் அவர் என்னைக் கூட்டிப்போனார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டு உறுதிப் பத்திரத்தையும் பிளானையும் கொண்டு வாங்கோ, பாப்பம்," என்றார். அவ்வளவுதான். மேசையில் ஒரு தட்டு இல்லை; முதலாளிக்கு ஒரு திட்டு இல்லை.

வெளியே வந்ததும், "இந்தம்மா பேசுறது முதலாளி காதுலயே விழாதுங்க ஐயா," என்றேன்.

"தம்பி, உமக்கு லோயர் வேணுமோ, லவுட்ஸ்பீக்கர் வேணுமோ?"

எனக்கு லவுட்ஸ்பீக்கர்தான் வேண்டியிருந்தது. மறுநாள் கண்டி நீதிமன்றத்துக்குப் போய், எந்த அறையிலிருந்து அதிகச் சத்தம் வருகிறதோ அதற்குள் நுழைந்தேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆறடி மனிதர் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்ற பொலிஸ்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்குப் புல்லரித்தது. வெளியே வந்தவரைப் பிடித்தேன். கோழித் திருட்டு முதல் கொலை வரை, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டுமே தாம் வாதாடுவதாக அவர் பெருமையோடு சொன்னார். அது எச்சரிக்கை என்று எனக்கு உறைக்கவில்லை. என் கதையைப் பாதியில் நிறுத்தி, "விளங்கிருச்சு. ஒங்க மேல ஒரு தூசு விழாது," என்றார். என் மேல் ஏன் தூசு விழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மடையன்.

விசாரணை நாள் வந்தது. சின்ன அறை. அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. மொட்டை மாடியைப் பூட்டியதால் உங்களுக்கு என்ன இடைஞ்சல் என்று தன்மையாகத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நம் சிங்கம் எழுந்து சிங்களத்தில் கர்ஜித்தது.

"என் கட்சிக்காரர் மொட்டை மாடிக்கே போனதில்லை! அந்தப் பூட்டை அவர் கண்ணாலும் கண்டதில்லை! சம்பவ நேரத்தில் அவர் கெலிஓயாவில், தம் கடையில் இருந்தார்!"

சிவபாலன் ஐயா தலையில் கைவைத்தார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "சேர், முறைப்பாடு குடுத்ததே நாங்கதான்!"

"வாயத் தொறக்காதீங்க. ஒத்துக்காம இருந்தாலே போதும்," என்று அதட்டி என்னை உட்காரவைத்தார்.

முதலாளியின் சட்டத்தரணி எழுந்து, நம் சிங்கம் சொன்னதைத் தாம் அப்படியே ஏற்றுக்கொள்வதாகப் பணிவோடு சொல்லி உட்கார்ந்தார். மொட்டை மாடிக்கே போகாதவருக்கு என்ன இடைஞ்சல்? முறைப்பாடு தள்ளுபடி. வெளியே வந்ததும் நம் ஆள் என் கையைக் குலுக்கி, "பாத்தீங்களா, ஒங்கள விட்டுட்டாங்க!" என்றார்.

வீட்டில் சரோஜா முழுக்கதையையும் கேட்டாள். என்னைத் திட்டவில்லை. உள்ளே கவிதாவின் நெஞ்சு கீச்சிட்டுக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் ஈரத்துணியை எல்லாம் படிக்கட்டுக் கைப்பிடியில், முதலாளியின் வாசலையும் தாண்டி மொட்டை மாடிக் கதவுவரை காயப்போட்டாள். மற்ற வீட்டுப் பெண்களும் அப்படியே செய்தார்கள். படிக்கட்டும் பொதுதானே? வெள்ளை உடுப்போடு கல்யாணத்துக்குக் கிளம்பிய முதலாளியின் தலையில், மேலே தொங்கிய உள்பாவாடை ஒன்று சொட்டச் சொட்ட விழுந்தது.

"எவன்டா இதப் போட்டது?" என்று கத்தினார்.

சரோஜா கதவைத் திறந்தாள். "எங்க கட்சிக்காரர் படிப்பக்கமே போனதில்லைங்க முதலாளி. அந்தப் பாவாடைய அவரு கண்ணாலயும் கண்டதில்ல."

"ஓம், நானும் காணேல்லை," என்றார் சிவபாலன் ஐயா, பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்த வாரமே பூட்டுக் கழன்றது. கவிதாவின் மூச்சும் மெல்ல மெல்லச் சீரானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், குடை தொலைந்தாலும், யாரோ ஒருவரின் கட்சிக்காரர் அந்தப் பக்கமே போனதில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் ஆர்க்கிட்டைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் கவிதா பேராதனைப் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு பார்த்தாள். உறுதி பார்க்க ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறாளாம். அவர் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டுமாம். நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"வேணாம்ப்பா," என்றாள். "நீங்க கெலிஓயாவுல, கடையிலயே இருங்க."