ஒரு நூல் தள்ளி

அந்த வருஷம் ரெண்டுல ஒண்ணு பாத்துடறதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன். வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தத் தையல் மிஷினு இருக்கணும்.

சொந்த ஊர்ல எங்க வீடு எப்பிடின்னா, முன்வாசல்ல கூப்பிட்டா பின்வாசலுக்குக் கேக்காது. ஆனா ஜவுளிக்கடை புதுக்கோட்டையில. அதனால கடைக்குப் பக்கத்துல ஒரு வாடகை வீடு. அந்த வீட்டுல சன்னல்னு சொல்ற மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் சுவத்துல விழுந்த ஓட்டை. சன்னலோரம் காத்து வரும், அதனால என் சாய்வு நாற்காலி அங்க. வெளிச்சமும் வரும், அதனால என் வீட்டுக்காரி நாச்சம்மையோட மிஷினும் அங்க.

மத்தியானம் கடையைச் சாத்திட்டு வருவேன். சாப்புடுவேன். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவேன். சாய்வேன். கண்ணு சொருகும். அப்ப ஆரம்பிக்கும். கடகடகடகட. நிக்கும். அப்பாடான்னு நெனைப்பேன். கட. அந்த ஒத்தைக் 'கட'தான் ஆளைக் கொல்லும்.

"நாச்சம்மை, இந்த எடம் ரெண்டு பேருக்குப் பத்தல."

"எனக்கும் அப்பிடித்தாங்க தோணுது."

மிஷினை நிறுத்தாமத்தான் சொன்னா.

சமயம் வந்துச்சு. என் மச்சினன் குமரப்பன் மக உமையாளுக்குக் கல்யாணம். எங்க பக்கம் கல்யாணம்னா, பொண்ணுக்குக் குடுக்கற சாமான் அத்தனையும் வீட்டுல பரப்பி வைக்கணும். கரண்டியில இருந்து கட்டில் வரைக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வரிசையா வந்து தொட்டுப் பாப்பாக, தட்டிப் பாப்பாக, கவுத்துப் பாப்பாக. மாப்பிள்ளையைக்கூட யாரும் அம்புட்டு சோதிச்சிருக்க மாட்டாக.

கட்டிலுக்கு ஒட்டுத்துணி விரிப்பு என் பொறுப்புன்னு அத்தைக்காரி நாச்சம்மை ஏத்துக்கிட்டா. என் கடைத் துண்டுத்துணியைச் சதுரம் சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைக்கறது.

"கட்டில் அளவுக்குச் சரியா வருமா?"

"வரும்."

"மூலைக்கு மூலை சேருமா?"

"சேரும்."

"அளவு தப்பிருச்சுன்னா?"

மிஷினு நின்னுச்சு. "தப்புனா என்ன செய்யணுங்கறீங்க?"

"கட்டிலோட இந்த மிஷினும் உமையாளுக்குச் சீரா போகட்டும்."

"சரியா வந்துட்டா?"

"இந்தச் சன்னலோரம் ஒனக்கு."

"முழுக்கவா?"

"முழுக்க."

சல்லடை எரவல் வாங்க வந்த அடுத்த வீட்டு ஆவுடையாள் ஆச்சி நெலையில சாஞ்சுக்கிட்டு, "நான் கேட்டுட்டேன் தம்பி. அப்பறம் மாத்திப் பேசப்படாது"ன்னாக.

நாச்சம்மை வேலை செய்யற வெதத்தைக் கவனிச்சேன். ரெண்டு சதுரத்தைச் சேக்கையில ஓரத்துல இருந்து காலிஞ்சு உள்ள தள்ளித் தைக்கணும். எல்லாத் தையலுக்கும் அதே காலிஞ்சு. கண்ணை நம்பப்படாதாம். அதுக்காக ஊசியில இருந்து காலிஞ்சு அளந்து, மிஷினுத் தட்டுல புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்திரியில ஒரு துண்டை ஒட்டிட்டா. துணியோட ஓரம் பிளாஸ்திரியை உரசிக்கிட்டே போனாப் போதும். தையல் ரயில் மாதிரி போகும்.

எனக்குள்ள இருந்த ஜவுளிக்காரன் முழிச்சுக்கிட்டான். துணி அளக்கையில கட்டை விரலை ஒரு நூல், அதான் அரைக்கால் இஞ்சு, பின்னால இழுத்துக்கறதுன்னு ஒரு வித்தை இருக்கு. எங்க கடையில கெடையாது. எதுத்த கடையில பாத்திருக்கேன். ஒரு கஜத்துல ஒண்ணும் தெரியாது. ஒரு மாசம் முடியறப்ப மொதலாளிக்கு ஒரு சட்டை மிஞ்சும். அதே ஒரு நூலைப் பிளாஸ்திரியில காட்டினா? ஒவ்வொரு தையலும் ஒரு நூல் துணியைக் கூடுதலா முழுங்கும். ஒரு தையல்ல தெரியாது. கட்டில் நீளம் முடியறப்ப விரிப்பு ஆறு விரக்கடை கொறைஞ்சு நிக்கும்.

அவ கெணத்தடிக்குப் போன நேரம். பொடி போட்ட கையோட போனேன். பிளாஸ்திரியைப் பிச்சேன். ஊசியை விட்டு ஒரு நூல் தள்ளி ஒட்டினேன். அமுக்கினேன். நாற்காலியில விழுந்து குறட்டை விட்டேன். பொய்க் குறட்டையில நான் கெட்டி. ஏத்தம், எறக்கம், நடுவுல ஒரு விக்கல்.

நாச்சம்மை வந்து மிஷின்ல குனிஞ்சா. தும்முனா.

"என்ன நாச்சம்மை?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க தூங்குங்க."

கடகடகடகட. அன்னைக்கு அது எனக்கு நாயனம் மாதிரி கேட்டுச்சு.

தைச்சு முடிச்சு விரிச்சா. மூலைக்கு மூலை அச்சுல வார்த்த மாதிரி சேந்திருக்கு. கோணும்னுதானே பாத்தேன்? அப்பறம் வெளங்குச்சு. எல்லாத் தையலும் ஒரே மாதிரி தப்புனா, தப்புன்னு மூலைக்கு யாரு போய்ச் சொல்றது?

அவ அடுப்படிக்குப் போனதும் கஜக்கோலை வச்சேன். ஆறு விரக்கடை கொறைச்சல். நாக்குல பாயசம் ஓடுச்சு. வாயைத் தொறக்கல. இப்பச் சொன்னா சரி பண்ணிருவா. சபையில அளக்கணும். மானம் போனா மச்சினன் வீட்டு மானந்தானே.

சாமான் பரப்புற அன்னைக்குக் காலையில கடைக்குப் பொறப்பட்டேன். வேலையை முடிச்சு அப்பிடியே பஸ்ல வாரதா ஏற்பாடு. அத்தை வீட்டுச் சாமானை ஏத்திக்கிட்டு வர குமரப்பன் லாரி அனுப்பியிருந்தான். நாச்சம்மையும், கூட வர்ற ஆவுடையாள் ஆச்சியும் மூட்டை கட்டிக்கிட்டிருந்தாக.

"என் அரக்குப் பட்டு வேட்டி எங்க?"

"சாமானோட போகுதுங்க. அங்க வந்து பாத்துக்கலாம்."

பாத்தேன்.

நான் போறப்பக் கூட்டம் கூடியிருந்துச்சு. நேராக் கட்டிலுக்குப் போனேன். மடியில இருந்து இஞ்சு டேப்பை எடுத்தேன்.

"எல்லாரும் இங்கிட்டு வாங்க. அளந்துருவம். ஞாயம்னா ஞாயம்."

நீளம் அளந்தேன். சரியா இருந்துச்சு. டேப்பைத் திருப்பிப் புடிச்சு அளந்தேன். அப்பவும் சரியா இருந்துச்சு. அகலம். அதுவும் சரி. அப்பத்தான் ஓரத்தைப் பாத்தேன். விரிப்பைச் சுத்தி மூணு விரக்கடைக்குப் பட்டுக் கரை. அரக்குப் பட்டு. என் வேட்டி.

மாப்பிள்ளையோட ஆத்தா கரையைத் தடவிப் பாத்தாக. "ஒட்டுத்துணி விரிப்புக்குப் பட்டுக் கரையா? நாங்க கண்டதே இல்ல. யாரு பட்டு?"

"அவுகளோடதுதாங்க," நாச்சம்மை என்னைக் காட்டினா. "உமையாளுக்குன்னா அவுக எதையும் பெருசாப் பாக்க மாட்டாக."

அத்தனை பேரும் என்னைப் பாத்தாக. பெரிய மனசுக்காரன் எப்பிடிச் சிரிப்பானோ அப்பிடிச் சிரிச்சேன். நூல் வேட்டியோட.

கூட்டம் வெள்ளிப் பாத்திரத்துப் பக்கம் நகந்ததும் மெல்லக் கேட்டேன். "எப்பத் தெரியும்?"

"நீங்க பொய்க் குறட்டை விட்ட அன்னைக்கே. பிளாஸ்திரி பூராம் பொடி. தும்முனேன்ல?"

"அப்பவே சரி பண்ணியிருக்கலாம்ல?"

"எதுக்கு? கரை வைக்க எடமில்லையேன்னு நானே தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களா விட்டுக் குடுத்தீங்க."

உக்கார எடம் தேடினேன். கட்டிலுக்கு அங்கிட்டு ஒரு சாய்வு நாற்காலி கெடந்துச்சு. போய்ச் சாஞ்சேன். முதுகுக்கு நல்லாப் பொருந்துச்சு. ரொம்ப நல்லாவே பொருந்துச்சு. கைப்பிடியைப் பாத்தேன். பொடிக்கறை.

நாச்சம்மையைப் பாத்தேன். "முழுக்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"ன்னா.

ஆவுடையாள் ஆச்சி வந்து என் தோளைத் தட்டினாக.

"எந்திரி தம்பி. அது மாப்பிள்ளைக்கு வச்சது."